பழைய ஹாலிவுட்டின் குணச்சித்திர நடிகர்கள்: உங்கள் ஓட்டு யாருக்கு?

கறுப்புவெள்ளை

போகார்ட், பெர்க்மன், ஸ்டூவர்ட், பெட்டி டேவிஸ் என்று நாயக நாயகியருக்கு இங்கே இழைகள் நிறைய ஓடிவிட்டன. இது அவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கான இழை. குடிகார டாக்டர், எதிலும் மூக்கை நுழைக்கும் பணிப்பெண், ஓட்டல் குமாஸ்தா, பயந்த அடியாள். திரையில் தலை தெரிந்ததுமே 'அட, இவரா!' என்று நிமிர்ந்து உட்கார வைப்பவர்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1930களிலிருந்து 50கள் வரை வந்த ஹாலிவுட் படங்களை நாம் திரும்பத் திரும்பப் பார்ப்பது இவர்களால்தான். கதை முழுக்கத் தெரிந்த பிறகும் இவர்கள் வரும் இடத்துக்காகக் காத்திருக்கிறோம். இரண்டே நிமிடம் வந்தாலும் ஒரு முழு வாழ்க்கையைக் கூடவே அழைத்து வந்துவிடுகிறார்கள்.

என் ஓட்டு தெல்மா ரிட்டருக்கு. 1953இல் சாமுவேல் ஃபுல்லர் எடுத்த 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்' படத்தில் மோ என்ற வயதான பெண்ணாக வருகிறார். டை விற்பாள். கூடவே போலீசுக்குத் துப்பும் விற்பாள். சேர்க்கிற காசெல்லாம் ஒரு நல்ல கல்லறை இடத்துக்கு. அநாதைப் பிணங்களோடு தன்னைப் புதைத்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் அவளுடைய பயம். ஓர் இரவு களைத்துப் போய் அறைக்கு வருகிறாள். இசைத்தட்டை ஓடவிட்டுக் கட்டிலில் சாய்கிறாள். துப்பாக்கியோடு ஒருவன் ஒரு முகவரி கேட்டு மிரட்டுகிறான். அவள் கெஞ்சவும் இல்லை, கத்தவும் இல்லை. நாள் முழுக்கத் தெருத்தெருவாக நடந்து கால் வலிக்கிற ஒருத்தி எப்படிப் பேசுவாளோ அப்படிப் பேசுகிறாள். ரொம்பக் களைப்பாக இருக்கிறது, நீ சுட்டால் எனக்கு உபகாரம்தான் என்கிறாள். கேமரா அவளை விட்டு விலகி இசைத்தட்டின் பக்கம் போகிறது. குண்டுச் சத்தம் மட்டும்தான் நமக்கு.

துணை நடிகைக்கான ஆஸ்கருக்கு ஆறு தடவை பெயர் போனது. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1955 விழாவில் நியூயார்க் மேடையைத் தொகுத்து வழங்கியது அவர்தான். ஹாலிவுட் மேடையில் பாப் ஹோப்.

உங்கள் ஆள் யார்? பெயர் மட்டும் போடாமல் ஒரு காட்சியும் சொல்லுங்கள்.

தேன்மொழி

அண்ணா, என் ஆளை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள்! 'ரியர் விண்டோ'வில் நர்ஸ் ஸ்டெல்லாவை விட்டுவிட்டீர்களே. கால் ஒடிந்து உட்கார்ந்திருக்கும் ஸ்டூவர்ட் காலை உணவில் கை வைக்கிற நேரம் பார்த்து, எதிர்வீட்டுக்காரன் பெண்டாட்டியை எங்கே வைத்து வெட்டியிருப்பான் என்று ஆராய்ச்சி செய்வார். முகத்தில் துளி விகல்பம் இருக்காது. வீட்டு வேலை பேசுகிற அதே குரல். அந்தப் படத்தின் பயங்கரம் பாதி அந்தக் குரலில்தான் இருக்கிறது.

அவர் சினிமாவுக்கு வந்ததே 1947இல், 45 வயதில். 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' படத்தில் மகனுக்குப் பொம்மை தேடிக் களைத்துப்போன தாயாக ஒரு துண்டுக் காட்சி. டைட்டிலில் பெயர்கூட வராது. மூன்றே வருடத்தில் 'ஆல் அபௌட் ஈவ்' படத்தில் பெட்டி டேவிஸுக்கு ஈடு கொடுத்துப் பேசுகிறார்.

சரி, நான் வேறு ஆளுக்குப் போகிறேன். கிளாட் ரெயின்ஸ். 'கசாபிளாங்கா'வின் போலீஸ் அதிகாரியை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு 1946இல் வந்த 'நொட்டோரியஸ்' தான். நாஜிக் கூட்டத்தில் ஒருவன், ஆனால் மனைவியை உண்மையாகவே நேசிக்கிறவன். அவள் அமெரிக்க உளவாளி என்று தெரிந்ததும் விடியற்காலையில் அம்மாவின் படுக்கை அறைக்குப் போய்ச் சொல்கிற இடத்தைப் பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் அப்படியே பள்ளிக்கூடப் பையனாகிவிடுவார். அம்மா நிதானமாக ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பார். அந்த அம்மாவாக நடித்த லியோபோல்டின் கான்ஸ்டன்டின் நிஜத்தில் ரெயின்ஸைவிட மூன்றே வயது மூத்தவர்!

கடைசியில் அவன் தன் கூட்டாளிகள் காத்திருக்கும் வீட்டுக்குள் திரும்பிப் படியேறும்போது, வில்லன் என்று தெரிந்தும் வயிறு பிசைகிறது. கேரி கிராண்ட் அந்தப் பக்கம் காரில் போவதை நான் கவனிப்பதே இல்லை.

ராமசுப்பு

நல்ல இழை. காசினோவில் காலைக்காட்சியாக ஆங்கிலப் படம் பார்த்த தலைமுறை நான். எங்களுக்கு அப்போது இவர்கள் பெயர் தெரியாது. 'அந்த மொட்டைத் தலையர்', 'அந்தக் கீச்சுக் குரல்காரர்' என்றுதான் சொல்லிக்கொள்வோம். ஆனால் பார்த்ததும் மனசுக்குத் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

அது ஏன் என்று கொஞ்சம் சொல்கிறேன். அப்போது பெரிய ஸ்டூடியோக்கள் நடிகர்களை ஏழு வருட ஒப்பந்தத்தில் வாரச் சம்பளத்துக்கு வைத்திருந்தன. வேண்டாம் என்றால் இடையில் கழற்றிவிடும் உரிமை ஸ்டூடியோவுக்கு மட்டும்தான். நடிகர் ஒரு வேடத்தை மறுத்தால் சம்பளமில்லாமல் நிறுத்திவைப்பார்கள், அந்த நாட்களையும் ஒப்பந்தத்தின் கடைசியில் ஒட்டவைப்பார்கள். இதை எதிர்த்துத்தான் ஒலிவியா டி ஹாவிலண்ட் வார்னர் பிரதர்ஸ் மீது வழக்குப் போட்டார். ஏழு வருடம் என்றால் காலண்டர் கணக்கில் ஏழு வருடம்தான் என்று 1944 டிசம்பரில் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

வாரச் சம்பளம் கொடுக்கிற ஆளை யாரும் சும்மா உட்காரவைக்க மாட்டார்கள். இந்த வாரம் நீதிபதி, அடுத்த வாரம் ரயில் கண்டக்டர். எழுதுகிறவர்களும் 'இது இன்னாருக்கு' என்று நினைத்தே வசனம் எழுதினார்கள். ஓயாமல் நடித்ததால் கை அப்படிப் பழகியிருந்தது.

எல்லோரும் ஒரே இடத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். தாமஸ் மிட்செலைப் பாருங்கள். 1939 என்ற ஒரே வருடத்தில் 'ஸ்டேஜ்கோச்', 'ஒன்லி ஏஞ்சல்ஸ் ஹேவ் விங்ஸ்', 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்', 'கான் வித் த விண்ட்', 'த ஹன்ச்பேக் ஆஃப் நோட்டர்டாம்'. இதில் இரண்டுதான் கொலம்பியா, மற்ற மூன்றும் ஆளுக்கொரு கம்பெனி. ஒரு நடிகரின் வாழ்நாளுக்கே இந்த ஐந்து போதும். 'ஸ்டேஜ்கோச்' குடிகார டாக்டருக்குத்தான் ஆஸ்கர். பிரசவம் பார்க்க வேண்டும் என்றதும் அந்த மனிதர் கறுப்புக் காப்பியாகக் குடித்துத் தன்னைத் தெளியவைத்துக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. வெட்கமும் கடமையும் ஒரே முகத்தில்.

இரண்டாம்_ஆட்டம்

//ஓயாமல் நடித்ததால் கை அப்படிப் பழகியிருந்தது//

ஐயா, மதிப்போடு ஒரு மறுப்பு. ஒரே மாதிரி வேடத்தை நாற்பது படத்தில் கொடுத்தது சிலருக்குப் பயிற்சி, சிலருக்குச் சிறை. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஹாட்டி மெக்டேனியலை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் திரையில் வந்ததெல்லாம் பெரும்பாலும் வேலைக்காரியாகத்தான். 'கான் வித் த விண்ட்' அட்லாண்டாவில் 1939 டிசம்பரில் முதல் காட்சி போட்டபோது, நிறப் பாகுபாட்டால் அவர் போக முடியவில்லை. 1940 பிப்ரவரி 29 அன்று ஆஸ்கர் வாங்கினார், கறுப்பினத்தவருக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர். அந்த அரங்கில் அவருக்குச் சக நடிகர்களோடு இடம் இல்லை, ஓரமாகத் தனி மேசை. 1952இல் இறந்தபோது, ஹாலிவுட் கல்லறையில் அடக்கம் செய்யுங்கள் என்ற அவருடைய கடைசி ஆசையையும் நிறத்தைக் காட்டி மறுத்தார்கள். அங்கே நினைவுச்சின்னம் எழுந்தது 1999இல்தான்.

ஆனால் படத்தில் பாருங்கள். நாயகியின் குழந்தை இறந்த பிறகு மாடிப்படியில் ஏறிக்கொண்டே அவளுடைய உறவுக்காரி மெலனியிடம் வீட்டு நிலைமையைச் சொல்லி அழும் காட்சி. ஒரே நீளக் காட்சி, பின்னால் போகும் கேமரா. படத்தின் பிரம்மாண்டமெல்லாம் ஒரு பக்கம், அந்தப் படிக்கட்டு ஒரு பக்கம். எழுதிக் கொடுத்த வேடத்துக்குள் அவர் கொண்டுவந்த மனுஷியை எந்த ஸ்டூடியோவும் எழுதித் தரவில்லை.

அன்னா மே வோங் கதையும் அப்படித்தான். லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர், பெயர் பெற்ற நடிகை. சீன விவசாயிகளின் கதையான 'த குட் எர்த்' (1937) படத்தின் நாயகி வேடம் அவருக்குக் கிடைக்கவில்லை. லூயிஸ் ரெய்னர் நடித்தார், ஆஸ்கரும் வாங்கினார். குணச்சித்திர நடிகர்களைக் கொண்டாடும்போது, குணச்சித்திர நடிகராக மட்டுமே இருக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் யார் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ராமசுப்பு

முழுக்க ஒப்புக்கொள்கிறேன் தம்பி. இதைச் சொல்லாமல் இந்த இழை நிறைவாகாது. ஒரு தகவல் சேர்க்கிறேன். துணை நடிப்புக்கு ஆஸ்கர் தொடங்கியது 1936 படங்களிலிருந்து. முதல் ஏழு விழாக்களில் அவர்களுக்குக் கொடுத்தது நாம் பார்க்கும் முழுச் சிலை அல்ல, ஒரு பலகை. மெக்டேனியல் வாங்கியதும் பலகைதான். அதை ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு விட்டுச்சென்றார், அங்கே காணாமல் போனது. 2023இல் அகாடமி அதற்குப் பதில் ஒன்று செய்து கொடுத்தது.

யாழ்வாசன்

வணக்கம். 'கசாபிளாங்கா'வைத் தேன்மொழி அக்கா ஒரு வரியில் கடந்துவிட்டா. எனக்கு அந்தப் படமே குணச்சித்திர நடிகர்களின் படம். போகார்ட்டும் பெர்க்மனும் அதற்குள் வந்து போகினம், அவ்வளவுதான்.

டைட்டிலில் பெயர் வரும் 14 நடிகர்களில் அமெரிக்காவில் பிறந்தவர்கள் மூன்றே பேர்: போகார்ட், டூலி வில்சன், ஜாய் பேஜ். மற்றவர்கள் கடல் கடந்து வந்தவர்கள். அதில் பலர் ஹிட்லருக்குத் தப்பி ஓடிவந்தவர்கள். நாஜி மேஜராக நடித்த கான்ராட் வைட் ஜெர்மன்காரர், மனைவி யூதர், 1933இலேயே நாட்டை விட்டவர். தான் வெறுத்தவர்களின் சீருடையைத்தான் ஹாலிவுட்டில் மாட்ட வேண்டியிருந்தது. கன்னம் தொங்கிய, எல்லோரும் விரும்பும் அந்த ஹோட்டல் பணியாளர் கார்ல், அவர் எஸ்.இசட். சக்கால், ஹங்கேரிய யூதர். மூன்று சகோதரிகள் நாஜி முகாம்களில் இறந்துபோனார்கள்.

சூதாட்ட மேசையில் சக்கரம் சுழற்றும் ஆளைக் கவனித்திருக்கிறீர்களா? மார்சல் டாலியோ. பிரான்சில் இயக்குநர் ரெனுவாரின் 'லா கிராண்ட் இல்யூஷன்', 'த ரூல்ஸ் ஆஃப் த கேம்' படங்களில் முக்கிய வேடங்கள் செய்த பெரிய நடிகர். பாரிஸைப் பிடித்த நாஜிகள் 'யூத முகம் இப்படித்தான் இருக்கும்' என்று அவருடைய படத்தையே சுவரொட்டியாக ஒட்டினார்கள். பெற்றோர் முகாமில் மாண்டார்கள். அந்த மனிதருக்கு 'கசாபிளாங்கா'வில் சில வரி வசனம், டைட்டிலில் பெயரும் இல்லை. அதே மேசையில் மனைவிக்காகப் பணம் ஆடித் தவிக்கும் பல்கேரிய இளைஞன் ஹெல்முட் டான்டைன், ஆஸ்திரியாவில் நாஜிகளிடம் சிறைப்பட்டு வந்தவர். ஜெயிக்க வேண்டிய எண்ணைப் போகார்ட் மெல்லச் சொல்ல, டாலியோ சக்கரத்தைச் சுற்ற, டான்டைன் ஜெயிக்கிறான். நிஜத்தில் அகதியான ஒருவர் இன்னொரு அகதியை ஜெயிக்கவைக்கும் காட்சி அது.

அப்புறம் 'மார்செயேஸ்' பாட்டு. ஜெர்மன் அதிகாரிகள் தங்கள் பாட்டைப் பாட, நாஜி எதிர்ப்புத் தலைவராக வரும் பால் ஹென்ரீட் இசைக்குழுவிடம் போய் பிரான்சின் கீதத்தை வாசிக்கச் சொல்கிறார். வாத்தியக்காரர்கள் போகார்ட்டைப் பார்க்கிறார்கள், அவர் லேசாகத் தலையசைக்கிறார். பிறகு சபை முழுக்க எழுந்து நின்று பாடுகிறது. அங்கே கண்ணீரோடு பாடும் இளம்பெண் முகம் ஒன்று பெரிதாக வரும். அது மாடலின் லெபோ. பாரிஸ் விழுந்தபோது டாலியோவும் அவரும் கணவன் மனைவியாகத் தப்பி வந்தவர்கள். படம் எடுத்தது 1942 கோடையில். பிரான்ஸ் அப்போது ஜெர்மன் பிடியில், போர் யார் பக்கம் முடியும் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கண்ணீருக்கு கிளிசரின் தேவைப்பட்டிருக்காது.

ஊரை விட்டு வந்தவர்கள் வீட்டில் வளர்ந்தவன் நான். அந்தக் காட்சியில் என் வீட்டில் ஒருவரும் பேசுவதில்லை. லெபோ 2016இல் காலமானா. டைட்டிலில் பெயர் வந்தவர்களில் கடைசியாக இருந்தவர் அவதான்.

தேன்மொழி

யாழ்வாசன், இதைப் படித்துவிட்டு நேற்று இரவு அந்தக் காட்சியை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தேன். இனி அந்தச் சூதாட்ட மேசையை வேறு மாதிரி பார்க்கவே முடியாது. கோடி நன்றி.

கறுப்புவெள்ளை

யாழ்வாசன் எழுதியதற்குப் பிறகு எதை எழுதினாலும் சிறியதாகத் தெரியும். ஆனாலும் எலிஷா குக் ஜூனியரைச் சொல்லாமல் விட மனசில்லை. உருவம் சின்னது, கண் பெரியது, எந்தப் படத்திலும் யாராவது அவரை மட்டம் தட்டுவார்கள் அல்லது சுட்டுவிடுவார்கள்.

'த பிக் ஸ்லீப்' (1946) படத்தில் ஹாரி ஜோன்ஸ் என்ற ஒன்றுக்கும் ஆகாத சில்லறை ஆள். அடுத்த அறையில் போகார்ட் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு கொலைகாரன் ஜோன்ஸிடம் அவன் காதலியின் முகவரி கேட்கிறான். ஜோன்ஸ் பயந்து நடுங்கி முகவரியைச் சொல்லிவிடுகிறான். கொலைகாரன் சிநேகமாக ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுக்கிறான். குடிக்கிறான், இளிக்கிறான், சரிகிறான். அதில் விஷம். அவன் சொன்ன முகவரி பொய் என்பது அப்புறம்தான் தெரிகிறது. அந்தக் கோழை கடைசி நிமிஷத்தில் அவளைக் காப்பாற்றிவிட்டுச் செத்திருக்கிறான். அந்தப் படத்தின் கதையில் யார் யாரைக் கொன்றார்கள் என்று சண்டை போடுவோம், ஹாரி ஜோன்ஸை மட்டும் ஒருவரும் மறப்பதில்லை.

'ஷேன்' (1953) படத்தில் ஜாக் பாலன்ஸ் அவரைச் சேற்றில் சுட்டு வீழ்த்துவார். உடம்பில் கம்பி கட்டிப் பின்னாலிருந்து வெடுக்கென்று இழுத்தார்கள். அதுவரை வெஸ்டர்ன் படங்களில் சுடப்பட்டவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மடங்கி விழுவார்கள். குண்டுக்கு எடை உண்டு என்று காட்டிய மரணம் அது.

இரண்டாம்_ஆட்டம்

எலிஷா குக்குக்கு என் ஓட்டும். ஆனால் வால்டர் பிரென்னன் பெயரை யாராவது எடுப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: மூன்று ஆஸ்கர் (1936, 1938, 1940) அவருக்கு அதிகம். அந்தக் கிழவர் முனகலும் நொண்டலும் எனக்குச் சீக்கிரம் சலித்துவிடும். அப்போது கூட்டத்தில் நிற்கும் எக்ஸ்ட்ரா நடிகர்களும் ஆஸ்கருக்கு ஓட்டுப் போட்டார்கள், அவர்களுக்கு இவர் செல்லப்பிள்ளை என்று சொல்வார்கள்.

ராமசுப்பு

தம்பி, 'ரியோ பிராவோ'வை மட்டும் வைத்து அவரை எடைபோட வேண்டாம். ஜான் ஃபோர்டின் 'மை டார்லிங் கிளமன்டைன்' (1946) பாருங்கள். அதே பிரென்னன், கிழட்டு கிளான்டன். முனகலும் இல்லை, சிரிப்பும் இல்லை. துப்பாக்கியை எடுத்தும் கொல்லாமல் விட்ட தன் மகன்களைச் சவுக்கால் விளாசுகிறார், எடுத்தால் கொல் என்று பாடம் சொல்கிறார். அந்த ஒரு காட்சியில் அந்தக் குடும்பம் எப்படிப்பட்டது என்பது முடிந்துபோகிறது. 'டு ஹேவ் அண்ட் ஹேவ் நாட்' குடிகாரனும் இவரும் ஒரே ஆள் என்று நம்ப மனசு வராது.

இரண்டாம்_ஆட்டம்

கிளான்டன் வேடத்தைப் பற்றிச் சொன்னது சரி ஐயா. மூன்று ஆஸ்கர் பற்றி என் கருத்து அப்படியே இருக்கிறது.

சிற்றோடை

முதல் பதிவு. கல்லூரியில் படிக்கிறேன். இந்த இழையை ஒரே மூச்சில் படித்தேன். பழைய படம் என்றால் மெதுவாகப் போகும் என்று ஒதுக்கியிருந்தேன். இந்த முகங்களை அடையாளம் கண்டுபிடிக்க எங்கிருந்து தொடங்கலாம்?

ராமசுப்பு

வாம்மா, அல்லது வாப்பா, யாராக இருந்தாலும் நல்வரவு! 'த மால்டீஸ் ஃபால்கன்' (1941) போடு. ஜான் ஹூஸ்டனின் முதல் படம். ஒரே அறையில் பீட்டர் லோரே, சிட்னி கிரீன்ஸ்ட்ரீட், எலிஷா குக் மூவரையும் பார்க்கலாம். போலீஸ்காரராக வார்ட் பாண்ட் வருவார். கிரீன்ஸ்ட்ரீட் அதுவரை நாடக மேடைக்காரர். 61 வயதில் செய்த முதல் சினிமா அது. கேமராவைக் கீழே வைத்து அந்தத் தொப்பையை ஒரு மலை மாதிரி காட்டியிருப்பார் ஹூஸ்டன். முதல் படத்துக்கே ஆஸ்கர் பரிந்துரை. எட்டு வருடம்தான் நடித்தார். அதற்குள் லோரேயோடு மட்டும் ஒன்பது படம்.

முதல் தடவை கதையைப் பார். இரண்டாவது தடவை, போகார்ட் பேசும்போது மற்ற மூவர் முகத்தைப் பார்.

கறுப்புவெள்ளை

மெதுவாகப் போகும் என்று பயப்பட வேண்டாம் சிற்றோடை. 'கசாபிளாங்கா' 102 நிமிடம், 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்' 80 நிமிடம்தான். இன்று ஒரு படத்தின் இடைவேளைக்கே அவ்வளவு நேரம் ஆகிறது. துணை வேடத்துக்கு இரண்டு நிமிடம்தான் இருந்தது, அதற்குள் சொல்லியாக வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு வசனமும் அப்படிப் பாய்கிறது.

தேன்மொழி

இடையில் ஒரு சின்ன விஷயம். பாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் 'கோயிங் மை வே' (1944) கிழட்டுப் பாதிரியாருக்காகச் சிறந்த நடிகர், சிறந்த துணை நடிகர் இரண்டுக்குமே பரிந்துரைக்கப்பட்டார், ஒரே வேடத்துக்கு! துணை நடிகர் விருது கிடைத்தது. அதற்குப் பிறகு விதியை மாற்றிவிட்டார்கள். போர்க்காலம் என்பதால் சிலை உலோகத்தில் இல்லை, பிளாஸ்டரில். வீட்டில் கோல்ஃப் மட்டையைச் சுழற்றிப் பழகும்போது அதன் தலையைத் தட்டிவிட்டார்.

சிற்றோடை

'மால்டீஸ் ஃபால்கன்' பார்த்துவிட்டேன். பார்த்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன். லோரே கைக்குட்டையையும் கைத்தடியையும் வைத்துக்கொண்டு செய்வதையே பார்த்துக்கொண்டிருக்கலாம். எலிஷா குக் மயக்கம் தெளிந்து எழும்போது நான்கு பேரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு அந்தக் கண் போகும் போக்கு! தன்னைப் பலி கொடுக்கப் போகிறார்கள் என்று அவனுக்குப் புரிகிற இடம்.

ஒரு கேள்வி. அந்தப் பறவைச் சிலையைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டு, குண்டடிபட்டுத் தள்ளாடி வந்து போகார்டின் ஆபீசில் விழுந்து சாகிற கப்பல் கேப்டன் யார்? ஒரு நிமிடம்கூட இல்லை. டைட்டிலில் தேடினேன், பெயர் இல்லை. ஆனால் யாரோ பெரிய நடிகர் மாதிரி இருக்கிறது.

ராமசுப்பு

சபாஷ்! சரியான ஆளைப் பிடித்தாய். அவர் வால்டர் ஹூஸ்டன், இயக்குநர் ஜான் ஹூஸ்டனின் அப்பா. அதற்குள் பெரிய நாயகனாக நடித்து முடித்தவர். மகனின் முதல் படத்துக்காகப் பெயர் போடாமல் வந்து விழுந்து செத்துவிட்டுப் போனார். 1948இல் 'த ட்ரெஷர் ஆஃப் த சியரா மாட்ரே' படத்தில் மகன் அவருக்குத் தங்கம் தேடும் கிழவர் வேடம் கொடுத்தார். பொய்ப்பல்லைக் கழற்றிவைத்துவிட்டு நடித்தார். அப்பாவுக்குத் துணை நடிகர் ஆஸ்கர், மகனுக்கு இயக்கத்துக்கும் திரைக்கதைக்கும். அடுத்து அதைப் பார். தங்கம் கிடைத்துவிட்டது என்று சொல்லாமல் அந்தக் கிழவர் மலைச்சரிவில் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுது.